பழைய தண்டர்பேர்டில் உதறல்: இன்ஜினை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

இன்ஜினை இறக்க வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்கிறேன்; கடைசியில் இறக்க வேண்டியே வரலாம். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் க்ராங்க் (பிஸ்டனின் மேல்-கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) மீது எனக்குச் சந்தேகம் வரவில்லை.

நீங்கள் சொன்னதைச் சுருக்கிக்கொள்கிறேன். வண்டி 2013 ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 350 பைக். ஓடியது 58,000 கிலோமீட்டர். இரண்டு மாதத்துக்கு முன் பின் டயரையும் செயின் செட்டையும் ஒன்றாக மாற்றினீர்கள். இப்போது மணிக்கு 75 கிலோமீட்டரைத் தாண்டியதும் சீட்டிலும் ஃபுட்ரெஸ்டிலும் உதறல் தொடங்குகிறது. 80, 85-ல் உச்சம். 95-க்குப் போனால் குறைகிறது. கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி தெளிவாகவே தெரிகிறது. மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "க்ராங்க் போயிருச்சு, இன்ஜின் இறக்கணும்" என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் பெட்டிகளை மாட்டிக்கொண்டு திருச்சியிலிருந்து வால்பாறை போகிற திட்டம் இருக்கிறது.

முதலில் இந்த வண்டியின் பிறவிக் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். இது 346 சிசி ஒற்றை சிலிண்டர். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய் வரும் நீளம்) 90 மில்லிமீட்டர். பிஸ்டன் அவ்வளவு நீளம் மேலும் கீழும் போய் வரும்போது, அதன் எடையை க்ராங்க் எடைகளால் முழுக்க ஈடுகட்ட முடியாது. முழுக்க ஈடுகட்டினால் மேல்-கீழ் உதறல் முன்-பின் உதறலாக மாறுமே தவிர ஒழியாது. அதனால் ஏறத்தாழ பாதியை மட்டும் ஈடுகட்டி, மிச்சத்தை வண்டியிலேயே விட்டுவிடுவார்கள். அந்த மிச்சத்தை அடக்கும் பேலன்சர் ஷாஃப்ட் இந்த இன்ஜினில் கிடையாது. தண்டர்பேர்டின் இடத்துக்கு 2020 நவம்பரில் வந்த மீட்டியார் 350-ல்தான் அதை வைத்தார்கள். ஆகவே மீட்டியார் ஓட்டும் நண்பரின் வண்டியோடு உங்கள் வண்டியை ஒப்பிடாதீர்கள். அதே வயதுள்ள இன்னொரு தண்டர்பேர்டை ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். எது இயல்பு, எது கோளாறு என்று அப்போது கைக்கும் காலுக்கும் தெரிந்துவிடும்.

பிறவி அதிர்வுக்கு ஒரு அடையாளம் உண்டு. ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) ஏற ஏற அது கூடிக்கொண்டே போகும். அந்த விசை சுழற்சியின் இருமடியில் வளர்வதால் 3000-லிருந்து 3600-க்குப் போனாலே கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிவிடும். உங்கள் உதறலோ 95-ல் குறைகிறது. தேய்ந்துபோன க்ராங்க் வேகம் கூடும்போது அமைதியாகாது. மெக்கானிக் சொன்னதை நான் நம்பாததற்கு முதல் காரணம் இதுதான்.

அதிர்வு எதைப் பின்தொடர்கிறது என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். இன்ஜின் சுழற்சியையா, வண்டியின் வேகத்தையா, அல்லது இழுவையையா, அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் வந்து விட்டதும் போகிறதா? இந்த மூன்றில் ஒன்றில் அது உட்கார்ந்துவிட்டால் பாதி வண்டியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். ஸ்பேனரை எடுக்காமலே இதைச் செய்ய முடியும்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். உங்கள் பின் டயர் 120/80-18. அதன் சுற்றளவு சுமார் 2.04 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 22 மீட்டருக்குச் சற்று மேல். ஆக பின் சக்கரம் நொடிக்குப் பதினொரு முறை சுற்றுகிறது. அதே நேரத்தில் ஐந்தாவது கியரில் டாக்கோ, அதாவது ஆர்பிஎம் காட்டும் மீட்டர், 3000 காட்டினால் இன்ஜின் நொடிக்கு 50 முறை சுற்றுகிறது. நொடிக்கு 11 என்பது தொடையில் 'தட தட' என்று தனித்தனியாக உணரக்கூடிய உதறல். நொடிக்கு 50 என்பது 'ஜ்ஜ்ஜ்' என்ற ரீங்காரம். உள்ளங்கை மரத்துப்போகும், கண்ணாடி மங்கும். உங்கள் கண்ணாடி மங்கவில்லை, சீட்தான் உதறுகிறது. இன்ஜின் மீதான சந்தேகத்தைக் குறைக்கும் இரண்டாவது காரணம் இது.

80-ல் கூடி 95-ல் குறைவதற்கும் விளக்கம் இருக்கிறது. டயரின் நெகிழ்வின் மேல் உட்கார்ந்திருக்கும் சக்கரத்துக்கு என்று ஒரு சொந்தத் துள்ளல் வேகம் உண்டு. பொதுவாக அது நொடிக்கு பத்திலிருந்து பதினைந்து முறை வரை இருக்கும். சக்கரத்தின் குறை அந்தத் தாளத்தில் தட்டும்போது ஆட்டம் பெருகும், தாண்டியதும் தணியும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் மட்டும் உயரப் போகிறதே, அந்தக் கதைதான். ஆகவே "95-ல் சரியாகிவிடுகிறது, அப்போது வேகமாகவே ஓட்டிவிடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குறை அங்கேயேதான் இருக்கிறது, அதன் விசையும் கூடித்தான் இருக்கிறது. உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இனி சோதனைகள். அதிகாலையில் மதுரை சாலையில் விராலிமலை தாண்டிப் போங்கள். போக்குவரத்து குறைவாக, தார் சீராக இருக்கும் ஒரு நேர்த் துண்டைத் தேர்ந்தெடுத்து எல்லாச் சோதனைகளையும் அதே துண்டில் செய்யுங்கள். கான்கிரீட் சாலை வேண்டாம். அதன் குறுக்குக் கோடுகளே ஒரு உதறலைத் தரும். பின்னால் ஆள் வேண்டாம், பெட்டிகளையும் கழற்றிவிடுங்கள்.

ஐந்தாவது கியரில் 85-க்குப் போய் உதறல் நன்றாக வந்ததும், பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரை விட்டு கிளட்சைப் பிடியுங்கள். இன்ஜின் ஐட்லிங்குக்கு இறங்கிவிடும், வண்டி உருண்டுகொண்டிருக்கும். உதறல் அப்படியே தொடர்ந்தால் அது சக்கரம், டயர், பேரிங், செயின் என்ற கூட்டத்தைச் சேர்ந்தது. சட்டென்று நின்றுவிட்டால் இன்ஜின், அல்லது இழுவையில் மட்டும் தலைகாட்டும் ஏதோ ஒன்று. சாவியைத் தொடாதீர்கள். ஓடும் வண்டியில் சாவியைத் திருப்பிச் சோதிக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஹேண்டில் லாக் விழுந்தால் சோதனையோடு ஆளும் முடிந்துவிடுவான்.

அடுத்து, அதே 80-ஐ நான்காவது கியரில் ஓட்டுங்கள். டாக்கோ முள் ஐந்நூறுக்கு மேல் ஏறும், சக்கரத்தின் வேகம் மாறாது. உதறல் அதே 80-லேயே வந்தால் சக்கரம். அதைவிடக் குறைந்த வேகத்திலேயே, ஆனால் பழைய ஆர்பிஎம் எண்ணிலேயே வந்தால் இன்ஜின். எனக்குப் பிடித்த சோதனை இதுதான். கிளட்ச் சோதனையில் இழுவையும் சேர்ந்து போய்விடுவதால் ஒரு சின்னக் குழப்பம் மிஞ்சும். இதில் அந்தக் குழப்பம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சென்டர் ஸ்டாண்டில் போட்டு நியூட்ரலில் மெதுவாக 3000, 3500 வரை ஏற்றி இறக்குங்கள். காற்றில் குளிரும் இன்ஜின், நின்ற இடத்தில் நெடுநேரம் முறுக்கக் கூடாது. சில நொடிகள் போதும். சுமை இல்லாமலே உதறினால் இன்ஜின் போல்ட்டுகளையும் அதைச் சுற்றி மாட்டியிருப்பவற்றையும் சந்தேகப்படலாம்.

கிளட்ச் பிடித்தும் தொடர்ந்தது, நான்காவது கியரிலும் அதே 80-ல்தான் வந்தது என்று உங்களுக்கு முடிவு கிடைக்கும் என்பது என் கணிப்பு. காரணம், கோளாறு எப்போது தொடங்கியது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு. பழைய வண்டியில் புதிதாக ஒன்று முளைத்தால், கடைசியாகக் கை வைத்த இடத்தை முதலில் பார்ப்பது எங்கள் வேலையில் பாதிப் பணத்தை மிச்சப்படுத்தும்.

ஆகவே பின் சக்கரத்தில் நேரம் செலவழியுங்கள். சென்டர் ஸ்டாண்ட், இன்ஜின் ஆஃப், நியூட்ரல். ஸ்விங் ஆர்மில் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) ஒரு குச்சியையோ கேபிள் டையையோ கட்டி, அதன் நுனி ரிம்மின் ஓரத்தை உரசுவதற்கு மயிரிழை முன்னால் நிற்கும்படி வையுங்கள். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். நுனிக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி பக்கவாட்டில் எவ்வளவு மாறுகிறது, மேல்-கீழாக எவ்வளவு மாறுகிறது என்று தனித்தனியாகப் பாருங்கள். எந்தப் பக்கமானாலும் 2 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் கோட்டம் எடுக்க, அதாவது ரிம்மை நேராக்க, வேண்டியதுதான். பக்கவாட்டுக் கோட்டத்தை எல்லோரும் பார்ப்பார்கள். மேல்-கீழ் கோட்டத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. சீட்டில் துள்ளலாகத் தெரிவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

உங்கள் மாடலில் ஸ்போக்ஸ் சக்கரம். ஒரு சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிக்கொண்டே வாருங்கள். இறுக்கமாக இருப்பது 'டிங்' என்று ஒலிக்கும். தளர்ந்தது 'டொக்' என்று செத்த சத்தம் போடும். ஒன்றிரண்டு டொக் என்றால் பெரிய விஷயமில்லை. ஒரே பகுதியில் நாலைந்து டொக் என்றால் அந்த இடத்தில் ரிம் வெளியே பிதுங்கியிருக்கும். இதை நீங்களே திருகாதீர்கள். பார்வைக்குச் சுலபமான வேலை, செய்தால் ஒரு பக்கம் சரியாகி மறுபக்கம் கோணும். கோட்டம் எடுப்பதற்கென்றே ஸ்டாண்டு வைத்திருக்கும் பழைய ஆளிடம் கொடுங்கள்.

ரிம் சரியாக இருக்கிறதென்றால் குச்சி நுனியை டயருக்கு நகர்த்துங்கள். டயரின் பக்கச் சுவரில், ரிம்மை ஒட்டி, வட்டமாக ஒரு மெல்லிய மேட்டுக் கோடு ஓடும். அந்தக் கோடு ரிம் விளிம்பிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். ஒரு இடத்தில் கோடு ரிம்முக்குள் மறைந்து எதிர்ப்பக்கம் எட்டிப் பார்த்தால் டயர் சரியாக உட்காரவில்லை. பங்க்சர் கடையில் அவசரமாக மாட்டிய ட்யூப் டயர்களில் இது அடிக்கடி நடக்கிறது. காற்றை இறக்கி, ஓரங்களில் சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி ஏற்றி உட்கார வைத்தால் தீர்ந்தது. செலவு ஒரு டீக்கும் வடைக்கும் ஆவதுதான். டயர் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கத்தையும் பாருங்கள். 2317 என்று இருந்தால் 2017-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. புது டயர் என்று சொல்லி வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்ததைக் கொடுத்திருந்தால் அங்கேயே பிடிபடும்.

பேலன்சிங் பற்றிக் கேட்டால் பெரும்பாலான கடைகளில் "பைக்குக்கெல்லாம் தேவையில்லைங்க" என்பார்கள். தேவையா இல்லையா என்று கணக்கே சொல்லட்டும். ரிம் அருகே, மையத்திலிருந்து 25 சென்டிமீட்டர் தூரத்தில், 30 கிராம் கூடுதல் எடை இருக்கிறது என்று வையுங்கள். 40-ல் ஓடும்போது அது சக்கரத்தை இழுக்கும் விசை ஒரு கிலோ எடைக்கும் குறைவு, யாருக்கும் தெரியாது. 80-ல் அதே 30 கிராம் மூன்றரை கிலோவுக்கு மேல் இழுக்கும், அதுவும் நொடிக்குப் பதினொரு முறை திசையை மாற்றிக்கொண்டு. டவுனுக்குள் ஓட்டுகிறவருக்குத் தேவையில்லை என்பது உண்மைதான். ஹைவேயில் நாள் முழுக்க 80-ல் போகிறவருக்குத் தேவை.

வீட்டிலேயே செய்யலாம். சக்கரத்தைக் கழற்றி, செயின் ஸ்ப்ராக்கெட் தாங்கியையும் எடுத்துவிட்டு, வழவழப்பான மெல்லிய கம்பியை நடுவில் செருகி இரண்டு உயரமான முட்டுகளில் வையுங்கள். மெதுவாகத் தள்ளிவிட்டால் கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். திரும்பத் திரும்ப அதே இடம் கீழே வந்தால் அதற்கு நேர் மேலே ரிம்மில் ஈய எடையை ஒட்டுங்கள். எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நிற்கும் வரை கூட்டிக் குறையுங்கள். டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது வழக்கமாக இலகுவான இடம். அதை வால்வுக்கு நேராக வைத்து மாட்டியிருந்தால் ஒட்ட வேண்டிய எடை குறையும்.

சக்கரம் கையில் இருக்கும்போதே பேரிங்குக்குள் விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள். பட்டு மாதிரி சுற்ற வேண்டும்; கரகரப்போ படிப்படியாகத் தடங்கலோ இருக்கக் கூடாது. இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஹப்புக்குள் (சக்கரத்தின் நடுக்குடம்), இடைவெளி காக்கும் ஒரு குழாய் ஸ்பேசர் உண்டு. பேரிங் மாற்றும்போது அதைக் கீழே போட்டுவிட்டு மறந்த ஆட்களும் உண்டு. அது இல்லாமல் ஆக்சில் நட்டை இறுக்கினால் பேரிங்கின் உள்வளையம் பக்கவாட்டில் நசுங்கி, புது பேரிங்கே சில ஆயிரம் கிலோமீட்டரில் கத்த ஆரம்பிக்கும். வெளி ஸ்பேசர்கள் இடம் வலம் மாறி மாட்டப்பட்டிருக்கிறதா என்பதும் இப்போதே பார்க்க வேண்டியது.

அடுத்தது செயின். புது செயின் செட் போட்டவர்கள் பெரும்பாலும் இறுக்கமாக வைத்துவிடுவார்கள். தளர்வாக இருந்தால் கஸ்டமர் குறை சொல்வார் என்ற பயம். கீழ்ப்பக்கத்து நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தால் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். அதை ஒரே இடத்தில் பார்த்து விட்டுவிடாதீர்கள். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி ஆறேழு இடத்தில் பாருங்கள். ஒரு இடத்தில் விரைத்து, இன்னொரு இடத்தில் தொங்கினால் செயினில் இறுகிய கண்ணியோ, மையம் தவறிய ஸ்ப்ராக்கெட்டோ இருக்கிறது. எது என்பதையும் பிரிக்கலாம். செயின் ஒரு முழுச் சுற்று வருவதற்குள் சக்கரம் இரண்டு முறைக்கு மேல் சுற்றிவிடும். ஆகவே இறுக்கம் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் வந்தால் பின் ஸ்ப்ராக்கெட். சக்கரச் சுற்றோடு ஒட்டாமல் நகர்ந்து நகர்ந்து வந்தால் செயின். செயினைத் தொடும் எந்த வேலையையும் இன்ஜின் ஓடும்போது செய்யாதீர்கள். கியரில் போட்டு ஓடவிட்டு துணியால் துடைத்து விரலைக் கொடுத்தவர்கள் நம் ஊரில் நிறைய.

சக்கரம் நேராக நிற்கிறதா என்பதற்கு அட்ஜஸ்டர் குறிகளை மட்டும் நம்ப வேண்டாம். முன், பின் டயர்களின் ஓரமாக ஒரு நீண்ட நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். முன் டயர் குறுகலானது என்பதால் இரண்டு பக்கமும் சமமான இடைவெளி விட்டு நிற்க வேண்டும்.

ஸ்விங் ஆர்மையும் விட்டுவிடாதீர்கள். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, பின் சக்கரத்தின் விளிம்பைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். 'டக்' என்று ஆடினால் ஸ்விங் ஆர்ம் தண்டில் விரலை வைத்துக்கொண்டு மறுபடி ஆட்டுங்கள். தண்டும் சேர்ந்து ஆடினால் புஷ் (அது சுழலும் இடத்து உறை) தேய்ந்திருக்கிறது. தண்டு அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங். 58,000 ஓடிய வண்டியில் புஷ் தேய்வது சகஜம். பெட்டிகளை ஏற்றினால் இந்த ஆட்டம்தான் வளைவுகளில் வாலை ஆட்ட வைக்கும். வால்பாறைச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளுக்கு அது நல்லதல்ல.

ஹப்புக்குள் இருக்கும், இழுவையின் அதிர்ச்சியைத் தாங்கும் டேம்பர் ரப்பர்கள் நசுங்கியிருந்தால் வேறு மாதிரி தெரியும்: ஆக்சிலரேட்டர் கொடுத்து விடும்போது உதை விழும், உயர்ந்த கியரில் மெதுவாகப் போனால் இழுத்து இழுத்து விடும். சீரான 80-ல் வரும் உதறலுக்கு அது காரணமாக இருப்பது அரிது. சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை.

முன் பக்கத்தை நான் விரைவாகத்தான் கடந்து போவேன், உங்களுக்கு ஹேண்டிலில் ஒன்றும் தெரியவில்லை என்பதால். ஆனால் ஒரு எச்சரிக்கை: முன் டயர் 90/90-19-இன் சுற்றளவும் கிட்டத்தட்ட 2.02 மீட்டர்தான். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே தாளத்தில் சுற்றுவதால் தாளத்தை மட்டும் வைத்து முன்னா பின்னா என்று சொல்ல முடியாது. முன் சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) தளர்வு தெரியும். ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் குழியில் விழுந்த மாதிரி நின்றால் அந்த பேரிங்கின் ரேஸில், அதாவது குண்டுகள் ஓடும் வளையத்தில், பள்ளம் விழுந்திருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் உதறினால் டிஸ்க்.

சரி, சாலைச் சோதனை இன்ஜின் பக்கம் கை காட்டினால்?

அப்போதும் முதலில் இறக்க வேண்டியதில்லை. இன்ஜின் ஃபவுண்டேஷன் போல்ட்டுகளையும், சிலிண்டர் ஹெட்டை ஃப்ரேமோடு பிடிக்கும் மேல் பிராக்கெட்டையும் பாருங்கள். டேங்குக்கு அடியில் மறைந்திருப்பதால் அந்த மேல் பிராக்கெட்டை எவரும் கவனிப்பதில்லை. அது தளர்ந்தாலோ விரிசல் விட்டாலோ இன்ஜின் தலையாட்ட ஆரம்பித்து, ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் வண்டி முழுக்க ரீங்கரிக்கும். போல்ட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா, சுற்றிலும் துருப்பொடி மாதிரி செம்பழுப்பு தெரிகிறதா என்று பாருங்கள். அந்தப் பொடி தெரிந்தால் அங்கே இரும்பும் இரும்பும் உரசுகிறது என்று பொருள். இறுக்கும்போது ஒன்றை மட்டும் இறுக்காதீர்கள். எல்லாவற்றையும் கொஞ்சம் தளர்த்தி இன்ஜினைத் தன் இடத்தில் இயல்பாக உட்காரவிட்டு, பிறகு டார்க் ரெஞ்சால் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். போகிற போக்கில் சைலன்சர் கிளாம்பு, லெக் கார்டு, பெட்டி ஃப்ரேம், ஃபுட்ரெஸ்ட் ரப்பர் எல்லாவற்றையும் கையால் அசைத்துப் பாருங்கள். வெளியில் வாங்கி மாட்டிய கனமான லெக் கார்டு, இன்ஜினின் சாதாரண அதிர்வை எடுத்துப் பெருக்கிக் காட்டும். சந்தேகமிருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒரு முறை ஓட்டினால் போதும்.

இந்த இன்ஜினுக்கு இரண்டு ஸ்பார்க் ப்ளக். இதில் ஒரு வசதி, ஒரு தொல்லை. ஒன்று செத்தாலும் வண்டி ஓடும், அதனால் ஒன்று செத்ததே பலருக்குத் தெரியாது. எரிப்பு ஒழுங்காக இல்லாததால் இழுவையில் முரட்டுத்தனமாக உதறும், மைலேஜும் குறையும். ஐட்லிங்கில் சோதிக்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு கேப்பைக் கழற்றி, அதில் ஒரு பழைய ப்ளக்கைச் செருகி அதன் உடலை இன்ஜினின் துடுப்பில் பட வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடினால் அடுத்ததற்கும் அப்படியே செய்யுங்கள். இரண்டில் எந்த ஒன்றோடும் ஓட வேண்டும். ஒன்றைக் கழற்றியபோது எந்த மாற்றமும் இல்லை, மற்றதைக் கழற்றியபோது நின்றுவிட்டது என்றால் முதலாவது ஏற்கெனவே வேலை செய்யவில்லை. "டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ணினா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் ஆளை மாற்றுங்கள். இந்த இன்ஜினில் வால்வுகளை இயக்கும் டேப்பெட், ஆயில் அழுத்தத்தில் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் வகை; அட்ஜஸ்ட் செய்ய அதில் ஒன்றுமில்லை. கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ரப்பரில் வெடிப்பு இருந்து காற்று உள்ளே போனாலும் இதே முரட்டுத்தனம் வரும்.

போனில் அதிர்வை அளக்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். அளக்கலாம். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப், போனுக்குள் இருக்கும் சென்சாரைக் கொண்டு அதிர்வின் தாளத்தைக் காட்டும். 80-ல் 11 அருகே கூர்முனை எழுந்தால் சக்கரம், 50 அருகே எழுந்தால் இன்ஜின். ஆனால் சென்சார் நொடிக்கு நூறு முறைதான் பதிவு செய்கிறது என்றால் ஐம்பதுக்கு மேற்பட்ட தாளங்களை அது தவறான இடத்தில் காட்டும். அதனால் இன்ஜின் பக்கத்து எண்களை அப்படியே நம்ப வேண்டாம். சக்கரப் பக்கத்து எண்கள் நம்பத்தக்கவை. போனை ஹேண்டிலில் மாட்டாதீர்கள். மோட்டார் சைக்கிள் அதிர்வு கேமராவின் ஸ்டெபிலைசேஷனைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-ல் எச்சரித்திருக்கிறது. சீட்டோடு அசையாமல் இறுக்கிக் கட்டிய பையில் வைத்தால் போதும்.

பெட்டிகள் விஷயம். எல்லாம் சரியான பிறகும் பின் ஆக்சிலுக்குப் பின்னால் கனத்தைக் குவித்தால் முன் சக்கரம் இலகுவாகி, ஹேண்டில் ஆடத் தொடங்கும். அது இந்த உதறலிலிருந்து வேறான, அதைவிட ஆபத்தான சங்கதி. கனமான சாமான்களை டேங்க் பேக்கிலும் பக்கப் பெட்டிகளின் முன் பாதியிலும் வையுங்கள். மேல் பெட்டியில் மழைக்கோட்டும் துணியும் மட்டும். சாமான் ஏற்றியபின் பின் டயருக்கான காற்று அளவு வேறு. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது மேனுவல் பார்த்து ஏற்றுங்கள்.

இவ்வளவும் பார்த்தபிறகும் ஆர்பிஎம்மோடுதான் அதிர்வு வருகிறது, போல்ட்டுகள், பிராக்கெட், ப்ளக், ரப்பர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றால், அப்போது மெக்கானிக் சொன்னதைக் கேட்கலாம் தம்பி. க்ராங்க் உண்மையில் போயிருந்தால் அதிர்வு தனியாக வராது. இழுவையில் கீழிருந்து கனமான 'டொக் டொக்' சத்தம் வரும், ஆயிலை இறக்கினால் உலோகத் துகள் மின்னும். இறக்கினால், பாகங்களைப் பிரிக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். பிஸ்டனையும் க்ராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து நேர் மேலும் கீழுமாக இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தத் திசையில் துளி ஆட்டமும் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு. அதைக் காட்டி "பாத்தீங்களா, ஆடுது" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றானால், லேத்தில் ராடு போட்டுத் திரும்பி வரும்போது க்ராங்கை இரண்டு முனையிலும் தாங்கி வைத்து நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜின் முள் எவ்வளவு ஆடுகிறது என்று கண்ணால் பார்த்து, மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட்ட பிறகே இன்ஜினை மூடச் சொல்லுங்கள்.